தோளில் நெறி கட்டினால் சூடு போடாதீர்கள்
(வானொலி உரை)

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் நமக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. புண் இருப்பது பாதத்தில், வீங்குவது வேறிடத்தில். இது ஏனுங்க?

வயலில் மிஞ்சிய தண்ணீர் வடிகாலில் போகிறதல்லவா? அதேபோல, ரத்தக் குழாயிலிருந்து கசிந்து சதையில் தங்கும் நீரை வடிக்கவும் உடம்பில் மெல்லிய குழாய்கள் உண்டு. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். அது திரும்ப ரத்தத்தில் சேருவதற்கு முன்னால் வழியிலுள்ள நிணநீர்க் கணுக்களைக் கடக்கிறது. கணு என்பது மதகில் வைத்த சல்லடை மாதிரி. அதற்குள் வெள்ளையணுக்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. கிருமி வந்து சிக்கினால், இன்னதென்று கண்டுகொண்டு அவை பெருகுகின்றன; எதிர்ப்புப் பொருளையும் தயாரிக்கின்றன. இந்தப் பெருக்கத்தால்தான் நெறி கட்டுகிறது. ரத்தத்தை வடிகட்டி இதே காவல் வேலையைச் செய்வது மண்ணீரல்.

மாட்டுக்கும் இப்படித்தான். தாடைக்கு அடியில், தோள்பட்டைக்கு முன்னால், பின்தொடை மடிப்புக்கு முன்னால், மடிக்குப் பின்புறம் மேலே என்று கணுக்கள் இருக்கின்றன. தோள் கணுவைக் கையால் தடவியே பார்க்கலாம். நல்ல மாட்டில் அது நீளவாக்கில் விரலுக்கு நழுவும்.

அது உருண்டு வீங்கினால் அசட்டையாக இருக்காதீர்கள். கலப்பின மாடுகளைத் தாக்கும் தைலேரியா நோய் அப்படித்தான் தொடங்கும். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் கிருமி, பக்கத்துக் கணுவுக்குப் போய் வெள்ளையணுவுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. காவல்காரனையே கையாளாக்கிக்கொண்டு பெருகுகிறது. பிறகு சிவப்பணுக்களையும் தாக்கும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் போகும். தீனி குறையும், பால் வற்றும், கண்ணின் உள்ளிமை வெளுக்கும்.

‘சூடு போட்டா கட்டி அமுங்கிடும்’ என்பார்கள் சிலர். கட்டி நோயல்ல, நோயின் அறிகுறி. சூடு போட்டாலும் கீறிவிட்டாலும் உள்ளே இருக்கிற கிருமி சாகாது. புண்ணும் நாள் விரயமும்தான் மிச்சம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். புபார்வகோன் என்ற ஊசி மருந்து இதற்கு உண்டு. ஆரம்பத்திலேயே போட்டால் நல்ல குணம் தெரியும். ரத்தம் வற்றிய பிறகு மாட்டைக் காப்பாற்றுவது சிரமம். கொட்டகைச் சுவரில் வெடிப்பு இருந்தால் பூசிவிடுங்கள். உண்ணி ஒளிவது அங்கேதான்.

இன்னொன்று. தடுப்பூசி வேலை செய்வதும் இந்தக் கணுக்களில்தான். ஊசி போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே கோமாரி ஊர் எல்லைக்கு வந்த பிறகு ஓடாமல், 6 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஊசி போட்டுவிடுங்கள்.

நாளைக் காலை பால் கறக்கும்போது மாட்டின் தோளை ஒருமுறை தடவிப் பாருங்கள். நல்ல நாளில் கணு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தால்தான், கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.