பிளக்கைப் பிடுங்கிப் பாத்தீங்களா?

இன்னைக்குப் பேசப்போறது நான் எழுதின ஒரு 12 வரி ஸ்கிரிப்ட் பத்தி. அந்த 12 வரியால ஒரே மாசத்துல கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் மூணு தடவை ஏறி இறங்கினேன்.

செம்மேடு பக்கம் ஒரு அக்கா பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறாங்க. வீடு பள்ளத்துல, சிக்னல் வராது. மேட்டுல ஒரு அண்ணன் வீட்ல நெட் இருக்கு. நடுவுல சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும். அதனால நாலு மாடியில நாலு ராஸ்பெர்ரி பை, ஆண்டெனாவோட வெச்சோம். எது வழியா டேட்டா போகணும்னு முடிவு பண்றது பேபல்-டிங்கற ரவுட்டிங் டீமன். காரவள்ளி ரோட்ல பாறை விழுந்தா முள்ளுக்குறிச்சி வழியா வர்றோம்ல, அந்த வேலைதான்.

பெட்டி ஆன் ஆனதும் டீமன் தானா ஓடணும். அதுக்குத்தான் ஸ்கிரிப்ட். என் ரூம்ல இருபது தடவை ரீபூட் பண்ணிப் பாத்தேன், சூப்பரா வேலை செஞ்சுது. மலையில முதல் கரண்ட் கட்லயே படுத்துடுச்சு. நெட்வொர்க்கே இல்லாதப்போ இங்கிருந்து லாகின் பண்ணிச் சரிபண்ணவும் முடியாது. அன்னைக்கு ஒரு பொண்ணுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் கடைசி நாள். அப்பாவோட பைக்ல நாமக்கல் போய்ப் போட்டுட்டு வந்தா. அக்கா என்னைத் திட்டவே இல்ல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

காரணம் கண்டுபிடிக்க ரெண்டு ட்ரிப் ஆச்சு. டீமன் ஓடும்போது தன் நம்பரை ஒரு பிஐடி ஃபைல்ல எழுதி வைக்கும், ஒழுங்கா நிறுத்தினா அழிச்சிடும். ரீபூட்ல அது நடக்குது. கரண்ட் போனா அழிக்க ஏது நேரம்? நான் அந்த ஃபைலை எஸ்டி கார்டுல வெச்சிருந்தேன். கரண்ட் வந்ததும் புது டீமன் பழைய ஃபைலைப் பாத்து, 'ஏற்கெனவே ஒருத்தன் ஓடுறான்போல'ன்னு கிளம்பிடும்.

இந்தப் பாடம் புதுசில்லைங்க. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை கிராமத்துக் கண் சிகிச்சை மையங்களோட, தொலைதூர வைஃபைல பெர்க்லி பல்கலைக்கழகக் குழு இணைச்சாங்க. டாக்டர் தேனியில இருந்தே வீடியோல நோயாளியைப் பாப்பார். அவங்க 2008-ல வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படிங்க. ரவுட்டர் கெட்டுப்போறது, மெமரி கார்டு பாழாகுறதுன்னு பாதித் தலைவலி மோசமான கரண்டால வந்ததுதான். நான் முன்னாடியே படிச்சிருக்கணும்.

சரி, மாத்தினது என்ன? ஸ்கிரிப்டைத் தூக்கிட்டு சிஸ்டம்-டி யூனிட் எழுதினேன். டீமனை பேக்கிரவுண்டுக்கு அனுப்பலை. முன்னாடியே ஓடட்டும், சிஸ்டம்-டி கண்காணிக்கும். பிஐடி ஃபைலே வேணாம்னுட்டேன். விழுந்தா எப்பவும் மறுபடி கிளப்புன்னு ரீஸ்டார்ட் வரி. இங்க ஒரு பொறி இருக்கு: டீஃபால்ட்டா 10 விநாடிக்குள்ள 5 தடவை கிளம்பி விழுந்தா சிஸ்டம்-டி கையை விரிச்சிடும். ஆண்டெனா ரெடியாகுறதுக்குள்ள அந்த அஞ்சும் தீந்துடலாம். இடைவெளியை 5 விநாடின்னு வெச்சா அந்த எல்லையைத் தொடவே தொடாது.

மூணாவது ட்ரிப்ல ரீபூட் கமாண்டைத் தொடலை. 'அண்ணே, பிளக்கைப் பிடுங்குங்க'ன்னேன். 'தம்பி, கெட்டுப்போயிடாதா?'ன்னு தயங்கினார். பிடுங்கினார், மாட்டினார், பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் பள்ளத்துல இருந்து அக்கா வாட்ஸ்அப்ல ஒரு மிளகாய் எமோஜி அனுப்பினாங்க. பத்தும் வந்துச்சு. ஏழாவது மட்டும் கொஞ்சம் லேட்டு. ஏன்னு இன்னும் லாக் பாத்துட்டு இருக்கேன்.