பழைய சரக்கு, புது யோசனை

1989 ஏப்ரலில் நின்டெண்டோவின் கேம் பாய் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தபோது, அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. பாசிப் பச்சையில் நான்கே சாயல்கள். அதே ஆண்டில் அட்டாரியின் லிங்ஸும், அடுத்த ஆண்டில் சேகாவின் கேம் கியரும் பளபளக்கும் வண்ணத் திரையோடு களமிறங்கின. ஜெயித்ததோ மங்கல் திரைதான். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யொகோய். வண்ணத்தை அவர் விட்டுக்கொடுத்தது கஞ்சத்தனம் அல்ல, தேர்ந்த கணக்கு என்பதே என் கட்சி.

கியோட்டோவில் பிறந்த யொகோய், 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது ஹனாஃபுதா சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனம். அவருக்குக் கிடைத்தது இயந்திரப் பராமரிப்பு வேலை. ஓய்வு நேரத்தில் அவர் செய்த, நீட்டி மடக்கும் கை ஒன்று முதலாளி யமாவுச்சியின் கண்ணில் பட்டு, 1966இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பொம்மையாக விற்பனைக்கு வந்தது. 1980இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' கருவிகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது, கால்குலேட்டர்களில் அடிபட்டு விலை சரிந்திருந்த திரவப் படிகத் திரை. இப்படிப் பழகிப்போன சரக்கை 'வாடிய தொழில்நுட்பம்' என்பார் அவர். வாடியது என்றால் மலிவானது. அதன் குறைகளும் ஏற்கெனவே தெரிந்தவை. கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வெளியே கொண்டுபோகும் பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

டெட்ரிஸ் ஆட்டம் கூடவே வந்ததால்தான் கேம் பாய் விற்றது என்பார்கள். பாதி உண்மை. ஆனால், விழும் கட்டைகளை அடுக்க நான்கு சாயல்களே போதும். மறுபடி மறுபடி ஆட நீடிக்கும் பேட்டரிதான் தேவை. டெட்ரிஸுக்குப் பொருத்தமான வீட்டை யொகோய்தான் கட்டி வைத்திருந்தார். கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

1995இல் வந்த யொகோயின் 'வர்ச்சுவல் பாய்' கருவி படுதோல்வி அடைந்ததே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அங்கும் மலிவுக்காகச் சிவப்பு விளக்குகளை மட்டுமே வைத்தார். ஆனால் கேம் பாயில் மிச்சமானது வாங்குபவருக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே வாங்கியவருக்குக் கிடைத்தது கண்வலி. கருவியும் மேசையை விட்டு நகரவில்லை. சிக்கனம் யாருக்காக என்ற கேள்வியை யொகோயே மறந்த இடம் அது.

1996இல் நின்டெண்டோவை விட்டு விலகித் தனி நிறுவனம் தொடங்கினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். அவர் பங்களித்த 'வண்டர்ஸ்வான்' கருவியை 1999இல் பண்டாய் வெளியிட்டது. அதற்குள் கேம் பாயே வண்ணத்துக்கு மாறிவிட்டது. வண்டர்ஸ்வானிலோ மறுபடியும் கறுப்பு வெள்ளைத் திரை, ஒரே ஒரு பேட்டரி.