கணக்கு எழுதாதே: 1429ஆம் ஆண்டு வரி எதிர்ப்பும் விருத்தாசலம் கல்வெட்டும்

இந்தப் பொழிவை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

1429இல், விசயநகரத்தின் இரண்டாம் தேவராயர் ஆட்சியில், காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நாட்டில் எழுந்த வரி எதிர்ப்பு இந்த அவைக்குத் தெரியாததன்று. சகம் 1351, சௌமிய ஆண்டு. திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை, எலவானாசூர், விருத்தாசலம் ஆகிய ஊர்களின் கோயில்களில் வலங்கை, இடங்கை என்னும் இரு பெரும் சாதிப் பிரிவினரும் ஒன்றுகூடி எடுத்த முடிவுகள் கல்லில் இருக்கின்றன. (ஆடுதுறை என்றதும் கும்பகோணத்துக்குக் கிழக்கே போய்த் தேடாதீர்கள். இது பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறை.) வலங்கை 98, இடங்கை 98 என்று தங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டவர்கள் இவர்கள். பின்னாளில் சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் அடித்துக்கொண்ட அதே இரு பிரிவினர் இங்கே ஒரே குரலில் பேசுகிறார்கள்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு. கன்னட ஆட்சியை எதிர்த்த தமிழர் எழுச்சி என்பார் ஒரு சாரார். கன்னடியர் காலத்தில் நிலங்கள் அதிகாரிகளுக்குச் சீவிதப்பற்றாக, அதாவது பணிக்கு ஈடான மானியமாக, போனதால் மண்டலம் கெட்டது என்ற குறை கல்வெட்டிலேயே இருப்பது அவர்களுக்குப் பிடிமானம். எழுச்சியும் இல்லை, கிளர்ச்சியும் இல்லை, வெறும் வரி வீத ஒப்பந்தம் என்பார் மறு சாரார். இரு சாராரும் விருத்தாசலத்துக் கல்வெட்டைப் பாதியில் மூடிவிடுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. இன்று அதைக் கடைசி வரை படித்துவிடுவோம்.

கல்வெட்டுத் துறையின் 1918ஆம் ஆண்டுப் பட்டியலில் அது 92ஆம் எண். அரசின் அலுவலரும் சீவிதக்காரரும் குடிகளை நெருக்குகிறார்கள், காணியாளரும் பிராமணரும் இராசகரம் என்னும் அரசு வரியை வாங்குகிறார்கள் என்று முறையீடு தொடங்குகிறது. அதற்குமேல் வருவதுதான் முக்கியம். வலங்கை இடங்கையில் எவரும் இவர்களுக்குப் புகலிடம் தரக் கூடாது. நாட்டில் பிறந்த எவரும் இவர்களுக்குக் கணக்கு எழுதக் கூடாது. இவர்கள் சொல்லுக்கு உடன்படக் கூடாது. மீறுபவன் நாட்டுத் துரோகி, அவனைக் குத்திவிட வேண்டும்.

முதல் சாராருக்கு முதலில் விடை சொல்கிறேன். காணியாளர் யார்? தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் காணி வைத்திருந்தவர்கள். பிராமணர்கள் பல ஊர்களில் சோழர் காலத்தில் நிலக்கொடை பெற்ற பிரமதேயத்தாரின் வழித்தோன்றல்கள். குற்றவாளிக் கூண்டில் வந்தேறி அதிகாரிக்குப் பக்கத்தில் உள்ளூர் நிலவுடைமையாளரும் நிற்கும்போது, இதை மொழிப் பகை என்று எப்படிச் சொல்வது? வரலாற்றாய்வாளர்கள் கராஷிமாவும் சுப்பராயலுவும் இதை உழைப்போருக்கும் உடைமையாளர், அதிகாரிகளுக்கும் இடையிலான மோதலாகப் படித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மேடைகளில் பழைய பாட்டு நிற்கவில்லை.

இரண்டாம் சாராரைக் கேட்கிறேன். வெறும் ஒப்பந்தத்துக்குக் கத்திக்குத்து எதற்கு?

கணக்கு எழுதாதே என்ற விதியில் சற்று நிற்க வேண்டும். அன்று வரி எப்படி வந்தது? நிலத்தை அளக்க வேண்டும், விளைச்சலை மதிக்க வேண்டும், எந்தக் காணி யாருடையது, யார் கையில் உழவு, போன ஆண்டு நிலுவை எவ்வளவு என்று தெரிய வேண்டும், நெல்லைப் பணமாக்கிச் சொல்ல வேண்டும். இத்தனையும் உள்ளூர்க் கணக்கன் ஓலையில் இருந்தது. வெளியிலிருந்து வரும் அலுவலருக்கு வயலும் தெரியாது, வரப்பும் தெரியாது. ஓலை இல்லாவிட்டால் யாரிடம் எவ்வளவு கேட்பது என்றே அவருக்குத் தெரியாது. குதிரைப் படையைக் கொண்டுவந்து ஓர் ஊரின் களத்து நெல்லை அள்ளிப் போகலாம். அடுத்த ஆண்டு அந்த ஊரில் உழ ஆள் இருக்காது. காணியாளர் நிலையும் இதுவேதான். உழுகுடியிடமிருந்து மேல்வாரம் என்னும் தன் விளைச்சல் பங்கை வாங்க அவருக்கும் கணக்கு வேண்டும். ஆக, மேலே இருந்த எல்லாரையும் ஒரே இடத்தில் தாக்கும் விதி இது. புகலிடம் தராதே என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஊர் ஊராகத் திரியும் அலுவலருக்குத் தங்க வீடும் உண்ணச் சோறும் மாட்டுக்கு வைக்கோலும் வேண்டும். கொடுக்க ஆளில்லை என்றால் அவர் மறுநாளே கிளம்ப வேண்டியதுதான்.

இதை வகுத்தவர்கள் அரசு இயங்கும் விதத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள். திருவைகாவூர்க் கல்வெட்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். நெல்லுக்கு இவ்வளவு, வாழைக்கும் கரும்புக்கும் இவ்வளவு, மஞ்சள், இஞ்சி, செங்கழுநீருக்கு இவ்வளவு, தொழில் செய்வோருக்கு இவ்வளவு என்று குடிகளே பட்டியல் போடுகிறார்கள். வரியே கட்டமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியைக் கட்டுவோம், அநியாயமாகப் போட்டதைக் கட்டமாட்டோம் என்பதுதான் கொறுக்கையிலும் முடிவு. அப்படியொரு பட்டியலை ஏர் பிடித்தவர் மட்டும் உட்கார்ந்து போட்டிருக்க முடியாது. கணக்கு எழுதிய கை அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறது என்பது என் துணிபு. கணக்கர்களில் ஒரு பகுதியினர் கட்சி மாறியிருந்தார்கள். மாறாதவர்களுக்காகத்தான் அந்தக் குத்து.

கொறுக்கைக் கல்வெட்டில் இன்னொரு செய்தி. ஊரை விட்டு ஓட இருந்தோம், மண்டலத்தார் ஒன்றுபடாமல் இருந்ததால்தான் இந்தக் கொடுமை என்று உணர்ந்தோம் என்கிறார்கள். ஓடிப்போவது பழைய வழி. ஓடாமல் நின்று விதி வகுத்தது புதிய வழி.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாமினி சுல்தான்களோடு நடந்த போர்களுக்குக் குதிரையும் படையும் வேண்டியிருந்தது. வரியைப் பணமாகக் கேட்பது பெருகியது. சீவிதம் பெற்ற அதிகாரி தன் காலத்துக்குள் எடுத்ததெல்லாம் ஆதாயம் என்று நினைத்தார். நெசவும் எண்ணெய்ச் செக்கும் உலைக்களமும் வரிப் பட்டியலில் இருந்ததால் இடங்கைக் கம்மாளரும் உழுகுடியோடு சேர்ந்தார்கள். வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1980இல் எழுதிய நூலில் இந்த இரு பிரிவுகளை ஊர் எல்லை கடந்த கூட்டணிகளாகக் கண்டார். அதுவரை சரி. யாருக்கு எதிரான கூட்டணி என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

விளைவுகள்? தேவராயர் மறைந்த 1446ஐ ஒட்டி வந்த அரசாணை, ஆட்சி மாறும்போது குடிகளிடம் வற்புறுத்தி வாங்கிய காணிக்கையை நிறுத்துகிறது. குடிகள் வேற்று நாடு போனதையும் கோயில்களில் பூசை நின்றதையும் அந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நாயக்கர் முறை வேரூன்றியபின் இத்தகைய ஒற்றுமை நிலைக்கவில்லை. ஏன் என்பதற்கு விரிவாகப் பேச இப்போது நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

செய்ய வேண்டியவை: 15ஆம் நூற்றாண்டுக் கணக்கர் எக்குலத்தார், யாரிடம் ஊதியம் பெற்றார் என்று தனி ஆய்வு வேண்டும். 1429க்கு முன்பும் பின்பும் வரி வீதங்களை ஊர்வாரியாக ஒப்பிட வேண்டும். பிராமணரைக் குற்றம் சாட்டும் ஆவணத்தைக் கோயிலில் வெட்ட இடம் கொடுத்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சுருக்கத்தை நம்பி எழுதாதீர்கள், மூலத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.