திறக்காத புத்தகத்துக்குப் பூசை

(தேவதானப்பட்டியில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாவல், சினிமா, டெலிவிஷன் ஆகியவற்றைப் பற்றியும், அவைகளைக் குறித்து எழுதியும் பேசியும் வரும் விமர்சகர்களைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். ஜாதியையும் கூலியையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கதைப் பேச்சும் சினிமாப் பேச்சும் எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று ஜாதியைப் பற்றியும், பெண்களைப் பற்றியும், பணக்காரன் ஏழை என்பதைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவது யார்? புராணப் பிரசங்கியா? அவருடைய வேலையைச் சினிமாவும் டெலிவிஷனும் வாங்கிக் கொண்டு வெகு காலமாயிற்று. அப்படியிருக்க, எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது, படித்த பின் அதைப் பற்றி என்ன நினைப்பது என்பதையெல்லாம் நமக்காக வேறொருவர் முடிவு கட்டிக் கொடுப்பாரேயானால், அது சின்ன சங்கதியாகுமா?

உங்கள் ஊரில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே அடைத்த கதவுக்குத்தான் பூசை. உள்ளே இருப்பதைப் பார்ப்பது வழக்கமில்லை. அதைப் பற்றி வாதம் செய்ய நாம் இன்று வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கோவில் கதவைத் திறக்கக் கூடாதென்பதற்காவது ஒரு ஐதீகம் சொல்லுகிறார்கள். புத்தகத்தைத் திறக்கக் கூடாதென்பதற்கு எந்த ஐதீகம் இருக்கிறது? ஆயினும், திறக்காத புத்தகத்துக்கு மாலை போடுகிறவர்களும், திறக்காத புத்தகத்தைக் கொளுத்துகிறவர்களும் நம் நாட்டில் நிறைந்திருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' என்னும் நாவல் 2010-ம் வருஷத்தில் வெளிவந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா என்ற குடியானவத் தம்பதிகள் ஊரின் ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஆளாகித் தவிப்பதே அதன் கதை. நான்கு வருஷ காலம் அந்தப் புத்தகத்தால் யாருடைய மானமும் போகவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று திருச்செங்கோட்டில் மானம் போய்விட்டதாகக் கூச்சல் கிளம்பிற்று. புத்தகத்தின் சில பக்கங்களை மட்டும் பிரதியெடுத்து வீதியில் விநியோகித்தார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்புச் செய்தார்கள். 2015 ஜனவரியில் அந்த ஆசிரியர், எழுத்தாளன் என்ற முறையில் தான் செத்துவிட்டதாகவே அறிவித்து ஒதுங்கினார். 2016 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டார், புத்தகம் பிடிக்காதவருக்கு அதைப் படிக்காமலிருக்கச் சுதந்திரம் உண்டென்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லி, அவர் மறுபடி எழுத வேண்டுமென்றும் தெரிவித்தார்கள். நடுவில் ஒன்றரை வருஷ காலம் ஒரு எழுத்தாளனின் வாய் கட்டப்பட்டுக் கிடந்தது. யாரால்? பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்களால்!

நிற்க. எதிரிகளை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியமாகாது. நம்முடைய குற்றத்தையும் சொல்லி விடுகிறோம். அந்தச் சமயத்தில் ஒரு ஊரில் அந்த நாவலை ஆதரித்து நாம் ஒரு மணி நேரம் ஆவேசமாகப் பேசினோம். பேசி முடித்ததும், கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு அம்மாள், "அய்யா, ஒரு சந்தேகம். பொன்னா தன் மனசாரத் திருவிழாவுக்குப் போனாளா? புருஷன் சம்மதித்து விட்டதாக அவளிடம் பொய் சொல்லி அனுப்பினார்களா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் நாம் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை! நான்கைந்து பத்திரிகைகளில் பெரிய பெரிய எழுத்தாளர்கள் எழுதியிருந்ததைப் படித்து, அதையே நம்முடைய அபிப்பிராயம் போல மேடையில் கொட்டியிருந்தோம். அந்த அம்மாளோ நூலகத்தில் வாங்கிப் படித்திருந்தார். பொன்னா ஏமாற்றப்பட்டாள் என்பதுதான் அந்தக் கதையின் உயிர் நாடி. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மாமியாரும், தாயாரும், அண்ணனும் கூடி முடிவு செய்கிறார்கள் என்பதே அதிலுள்ள பெரிய அக்கிரமம். நாமோ "எழுத்துச் சுதந்திரம், எழுத்துச் சுதந்திரம்" என்று கத்திவிட்டு, அந்த அக்கிரமத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கினோம். படிக்காமல் கொளுத்தினவனுக்கும், படிக்காமல் புகழ்ந்த நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் கையில் தீப்பெட்டி இருந்தது, நம் கையில் ஒலிபெருக்கி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நூலைத் தாக்குவதானாலும் படித்துவிட்டுத் தாக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1943-ம் வருஷத்தில் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் பற்றிச் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளை அவர்களோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் அண்ணா வாதம் செய்தார். எதிரில் இருந்தவர்கள் மகா பண்டிதர்கள். பாட்டைப் படிக்காமல் அவர்கள் முன்னால் போய் நிற்க முடியுமா? மறுபக்கமும் பாருங்கள். கல்கி காங்கிரஸ்காரர், அண்ணாவின் கொள்கைக்கு நேர் விரோதமானவர். ஆனாலும் 'ஓர் இரவு' நாடகத்தை நேரில் பார்த்துவிட்டு, அண்ணாவைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். கட்சி வேறு, கண் வேறு என்று நடந்து கொள்கிறவன்தான் விமர்சகன்.

ஆகவே விமர்சகர்களே வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான புத்தகங்களும் நூற்றுக்கணக்கான படங்களும் வருகின்றன. கூலிக்காரனுக்கு இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைப்பையில் இருப்பது ஒரு டிக்கெட்டுக் காசு. நன்றாகப் பார்த்தவர் ஒருவர் "இது தேறும், இது தேறாது" என்று சொன்னால் அது உபகாரமே. மாட்டுச் சந்தைக்குப் போகும்போது மாடு பழகின பங்காளி ஒருவரைக் கூட்டிக் கொண்டு போகிறோம். அவர் பல்லைப் பிடித்துக் காட்டுகிறார், சுழியைச் சொல்லுகிறார், நடக்கவிட்டுக் காட்டுகிறார். சுழிப் பேச்சைத் தள்ளிவிட்டு, பல்லையும் நடையையும் நாமே பார்த்துக் கொள்கிறோம். அது சரி. ஆனால் அதே சந்தையில் தரகனும் இருக்கிறான். அவன் தோளிலிருக்கும் துண்டை எடுத்துக் கையை மூடிக் கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறான். துண்டுக்குள் என்ன நடந்ததென்று மாடு வாங்குகிறவனுக்குத் தெரியாது. விமர்சகர்களில் பங்காளியும் உண்டு, தரகனும் உண்டு. எவன் எதுவென்று கண்டு கொள்ளுவது நம் பொறுப்பு.

சினிமா முதலாளிகள் இந்தச் சங்கதியில் நடந்து கொள்ளும் மாதிரியைக் கவனியுங்கள். 2024 நவம்பரில் தமிழ்ப்படத் தயாரிப்பாளர் சங்கமொன்று, படம் பார்த்து வருவோரிடம் விமர்சனம் கேட்கும் யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக் கூடாதென்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக் கொண்டது. புதுப்படத்தை முதல் மூன்று நாள் யாரும் விமர்சிக்கக் கூடாதென்று ஹைக்கோர்ட்டுக்கும் போனார்கள். டிசம்பரில் கோர்ட்டார், விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, அப்படித் தடை போட மறுத்தார்கள். நாம் கேட்கிறோம்: புகழ்ந்து பேசினவனை மூன்று நாள் பேசாதே என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? வேண்டுமென்றே கெடுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லுவதில் உண்மை இருக்கலாம். அதற்கு மருந்து வாயைக் கட்டுவதல்ல. கேட்கிறவன் அறிவைத் தீட்டிக் கொள்ளுவதே மருந்து.

மார்க்குப் போடும் வழக்கத்தையும் பாருங்கள். நம் அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா எடுத்த '16 வயதினிலே' படத்துக்கு 1977-ல் ஆனந்த விகடன் 62½ மார்க்குக் கொடுத்தது. அந்த மார்க்கு இன்றும் பலர் வாயில் இருக்கிறது. ஆனால் என்ன காரணத்தால் 62½, எதற்காக 37½ குறைந்தது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லுவார்கள்? பள்ளிக்கூடத்தில் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளை என்ன படித்தான் என்று கேட்காத தகப்பனுக்கும் நமக்கும் இதில் பேதமில்லை.

இனி உங்களுக்கே உரிய ஒரு அதிகாரத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. அதன் நீருக்குள் ஊர்கள் மூழ்கின. அந்தத் துயரத்தை வைத்து வைரமுத்து எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. அது இலக்கியமா இல்லையா என்று பட்டணத்து விமர்சகர்கள் வாதிடட்டும். வீட்டை விட்டு மூட்டை முடிச்சுகளோடு கரையேறின குடும்பங்கள் இந்த ஜில்லாவில் அல்லவா இருக்கின்றன? அந்த நாவல் சொல்லுவது மெய்யா, மிகையா என்று சொல்லும் யோக்கியதை அந்தக் குடும்பத்துப் பாட்டிக்கு இல்லாமல் வேறு யாருக்கு உண்டு?

லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ல் வெளிவந்தது. அடிவாரத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் இடையே சுமை தூக்கும் ரெங்கசாமி, காணி நிலம் வாங்கப் படாதபாடு பட்டு, கடைசியில் தன் கையை விட்டுப் போன நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவல்காரனாகிறான். மலையின் அழகைப் படம் பிடித்த மாதிரியைப் புகழ்ந்தவர்கள் பலர். அழகு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏலக்காய் மூட்டை பிரிந்து மலைச்சரிவில் உருளும்போது, பட்டணத்தான் கண்ணுக்குக் காட்சி தெரிகிறது, ஜீப்பில் அடைந்து தினமும் தோட்ட வேலைக்கு மலையேறும் நம் பெண்ணுக்குக் கூலி உருளுவது தெரிகிறது. இந்த இரண்டாவது பார்வையை எந்தப் பத்திரிகை அச்சிடுகிறது? நீங்கள் வாய் திறந்தாலல்லவா அச்சிடுவார்கள்? "நமக்கென்ன தெரியும், பெரியவர்கள் சொல்லுகிறார்கள்" என்று தலை குனிவதுதான் அடிமைப் புத்தி. புரோகிதனிடம் குனிந்த தலை இலக்கியப் புரோகிதனிடம் குனிந்தால் லாபமென்ன?

டெலிவிஷன் சங்கதி இதைவிட மோசம். 1987-ல் இராமாயணத் தொடர் ஓடியபோது, வடநாட்டில் டெலிவிஷன் பெட்டிக்கே மாலை போட்டு விழுந்து கும்பிட்டார்கள். இன்று மாலை போடவில்லை, ஆனால் சந்தியா காலம் முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். கஷ்டத்தை வாய் திறவாமல் சகிக்கிறவள் நல்லவள், எதிர்த்துக் கேட்கிறவள் வில்லி என்று எத்தனை தொடர்கள் வருஷக்கணக்காகப் பாடம் சொல்லுகின்றன! பெரிய விமர்சகர்கள் இதைத் தொடவே மாட்டார்கள், கௌரவக் குறைவாம். ஆண்பிள்ளைகளோ பெண்களைக் கேலி செய்துவிட்டு, கட்டிலில் படுத்தபடி ஓரக்கண்ணால் தாங்களும் பார்க்கிறார்கள். தாய்மார்களே, இதற்கு நீங்களே விமர்சகர்களாக வேண்டும். "இந்த மருமகள் ஏன் வாய் திறக்கவில்லை? என் மகளாயிருந்தால் என்ன சொல்லுவேன்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முடிவாக, ஒரு விமர்சகனை எடை போட நாலு கேள்விகள் சொல்லுகிறோம். காரணம் சொல்லுகிறானா, தீர்ப்பு மட்டும் சொல்லுகிறானா? அவன் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக என்றைக்காவது ஒப்புக் கொண்டதுண்டா? அவன் சொன்னதை நம்பிப் படித்த பின், நம் கண்ணுக்கு அது அப்படியே தெரிந்ததா? நாலாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

காசில்லை என்று சொல்லாதீர்கள். 1948-ல் செய்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறீர்கள். வரியைக் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்காமலிருப்பது, கூலியைக் கொடுத்துவிட்டு வேலை வாங்காமல் வருவது போலாகும். மாதம் ஒரு புத்தகம் எடுங்கள். ஒருவர் படிக்க நாலு பேர் கேளுங்கள். படித்த பின் விமர்சகர் சொன்னதையும் கொண்டு வந்து வைத்து ஒத்துப் பாருங்கள்.

அன்று ஓரத்தில் நின்று நம்மைக் கேட்ட அந்த அம்மாளுக்கு நாம் சொன்ன பதில், "படித்துவிட்டு வந்து சொல்லுகிறோம்" என்பதே. அடுத்த மாதம் படித்துவிட்டு, அதே ஊருக்குப் போய் அதே மேடையில் சொன்னோம். இன்று நாம் இங்கே பெயர் சொன்ன புத்தகத்தையும் படத்தையும் பற்றி, நாம் சொன்னோமென்று யாரும் எதையும் நம்ப வேண்டியதில்லை. அடுத்த முறை நாம் இவ்வூருக்கு வரும்போது உங்களில் ஒருவராவது எழுந்து, "நீங்கள் சொன்னது தப்பு, அந்தப் பக்கத்தில் அப்படியில்லை" என்று சொன்னால், இன்று நாம் பேசியதற்குப் பயன் கிடைத்ததாகக் கருதுவோம்.