95 சதவீதத்தில் நின்றுபோகும் டவுன்லோடு
(மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



குரூப் 4, குரூப் 2 என்று படிக்கிறவங்கதான் இங்கே அதிகம். உங்க எல்லார் போனிலும் முதலில் இறங்க வேண்டியது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளிப் பாடநூல்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அவற்றை பிடிஎஃப் ஆக இலவசமாவே தருது. ஆனா வகுப்பு, பாடம், பருவம் என்று தனித்தனிக் கோப்பு. ஆறாம் வகுப்புக்கு மட்டுமே மூணு பருவம் இருக்கு. ஒவ்வொண்ணா தட்டி இறக்கினா விரல் தேஞ்சிடும். அதனாலதான் "மொத்தமா இறக்க எந்த ஆப் நல்லது?" என்று கேட்கிறீங்க.

வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. விட்ட இடத்திலிருந்து தொடருமா, அதாவது 'ரெஸ்யூம்' இருக்கா என்று பாருங்க. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வர்றீங்க. 80 எம்பி கோப்பில் 75 எம்பி இறங்கினதும் சிக்னல் போயிடுது. ரெஸ்யூம் இல்லேன்னா மறுபடி பூஜ்யம்தான். போன 75 எம்பி, உங்க அன்றாட 1.5 ஜிபி கணக்கில் கழிஞ்சது கழிஞ்சதுதான். அன்றைய டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிட்டா, அதே கோப்புக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

சோதிப்பது சுலபம். பாதி இறங்கும்போது ஏரோப்ளேன் மோடு போடுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு எடுத்துட்டு, தொடரச் சொல்லுங்க. 50 சதவீதத்திலிருந்து போனா சரி. பூஜ்யத்திலிருந்து தொடங்கினா வேற ஆப்பில் பாருங்க. அங்கேயும் அப்படித்தான்னா, அந்த இணையதளமே அதற்கு இடம் கொடுக்கலை.

நாலைந்து புத்தகத்துக்கு உங்க குரோமே போதும். டஜன் கணக்கில் என்றால் ஆண்ட்ராய்டில் 1டிஎம் இருக்கு: சுட்டிகளை வரிசையில் போடலாம், வைஃபையில் மட்டும் இறக்கச் சொல்லலாம். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். கம்ப்யூட்டரில் ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர். (நான் யாருக்கும் விளம்பரம் பண்ணலைங்க.) ஒரே நேரத்தில் இரண்டு கோப்புக்கு மேல் வைக்காதீங்க. பதினாறு இணைப்பு திறந்தா வேகம் கூடும்னு நினைப்போம். சில சர்வர்கள் உங்களைத் தடுத்தே வைச்சிடும். பாதியில் ஆப் தூங்கிப் போனா, போன் செட்டிங்ஸில் அதன் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்க.

இப்போ ஆபத்தான பகுதி. ஐடிஎம் என்பது விண்டோஸுக்கான கட்டண மென்பொருள். 30 நாள் மட்டும் இலவசம். அதன் 'கிராக்' என்று சுத்தறதை யார் எதைச் சேர்த்து அனுப்பறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ஃப்ரீ டவுன்லோடு மேனேஜருக்கே ஒரு கதை உண்டு. அதன் இணையதளத்திலிருந்து 2020 முதல் 2022 வரை லினக்ஸ் பயனாளர்கள் சிலருக்குத் தீம்பொருள் கலந்த போலிக் கோப்பு போயிருக்கு. காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2023 செப்டம்பரில்தான் இதை வெளியிட்டுச்சு. பேர் பெற்ற மென்பொருளுக்கே அந்த நிலை. அப்போ டெலிகிராம் குழுவில் "எல்லாப் புத்தகமும் ஒரே ஆப்பில்" என்று வரும் ஏபிகே-வை எப்படி நம்புறது? டவுன்லோடு செய்யும் ஆப்புக்கு உங்க சேமிப்பிடமும் நோட்டிஃபிகேஷனும் போதும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டா அதன் கண் உங்க ஓடிபி மேல. உடனே அழிச்சிடுங்க. பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்குப் பேசுங்க.

மெமரி கார்டு பற்றி ஒரு வரி: எஃப்ஏடி32 முறையில் உள்ள கார்டில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. பெரிய வீடியோ கடைசியில் நிக்கிறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

எல்லாம் இறங்கினதும் அளவு வாரியா வரிசைப்படுத்திப் பாருங்க. ஒரு பாடநூல் வெறும் 5 கேபி-யில் இருந்தா அது புத்தகமே இல்லை. இணையதளத்தின் பிழைப் பக்கம் பிடிஎஃப் பேரில் உட்கார்ந்திருக்கு. அதை அழிச்சிட்டு அந்த ஒண்ணை மட்டும் மறுபடி இறக்குங்க. தேர்வுக்கு முந்தின வாரம் திறந்து பார்க்கிறதை விட இன்னிக்கு ராத்திரியே பார்த்துடுங்க.