வரிசைக்கும் ஒரு விலை உண்டு



மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வந்தால் ரொறன்ரோவிலிருந்து எங்கள் குடும்பங்கள் பல புளோரிடாவுக்குப் புறப்பட்டுவிடும். இருபது மணித்தியாலத்துக்கு மேல் காரோடிப் போகிறவர்களும் உண்டு. திரும்பி வந்ததும் படங்களைக் காட்டுவார்கள். நடுவில் பிள்ளை, ஒரு பக்கம் மிக்கி மவுஸ், மறுபக்கம் மின்னி.

சென்ற மாதம் என் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓர் அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, என்ரை பேரப்பிள்ளையை ஒரு எலியோடை நிண்டு படம் எடுக்கிறதுக்கு இரண்டு மணித்தியாலம் வரிசையிலை நிப்பாட்டி வைச்சிருக்கினம். இதுகளுக்கு என்ன விசரே?" என்று கேட்டார். நான் ஒரு கணக்காளன். விசரா இல்லையா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கணக்குப் பார்த்துச் சொல்லலாம். இன்றைய பேச்சு அதுதான்.

பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

கலிபோர்னியாவில் முதலாவது டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வேடமிட்ட பாத்திரங்கள் பூங்காவுக்குள் சும்மா உலாவித் திரியும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார்கள். கூட்டம் பெருகப் பெருக அது சரிவரவில்லை. இன்று பெயர்பெற்ற பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு நேரம், பக்கத்தில் ஓர் உதவியாளர், முன்னால் ஒரு வரிசை.

வரிசை ஏன் இவ்வளவு நீளம்? பெரிய படகுச் சவாரி ஒன்று ஒரு மணித்தியாலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கிவிடும். ஆனால் மிக்கி ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தைத்தான் பார்க்கும். கட்டிப்பிடித்து, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து முடிய இரண்டு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு முப்பது குடும்பம். உங்களுக்கு முன்னால் அறுபது குடும்பம் நின்றால் இரண்டு மணித்தியாலம். இதற்கிடையில் வேடத்துக்குள் இருப்பவர் இளைப்பாறப் போக வேண்டும். அந்த உடுப்போடு புளோரிடாச் சூட்டில் நீண்ட நேரம் நிற்க யாராலும் முடியாது. மண்டபத்துக்குள் சந்திக்கும் இடங்களில் ஒரே பாத்திரத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று அறைகளில் வைத்தும் சமாளிக்கிறார்கள். அப்படியும் வரிசை குறைவதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் "ஃப்ரோசன்" படம். 2013 நவம்பரில் வந்த அந்தப் படம் இவ்வளவு ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்சா, அன்னா என்ற இரண்டு சகோதரிகளையும் சந்திக்க எப்கொட் பூங்காவின் நோர்வே மண்டபத்தில் சிறிய இடம் ஒன்றைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். 2014 இன் தொடக்கத்தில் அங்கே காத்திருப்பு நான்கு மணித்தியாலத்தையும் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் இருவரையும் மஜிக் கிங்டம் பூங்காவுக்கு மாற்றினார்கள். 2016 ஜூனில் திரும்பவும் எப்கொட்டில் அவர்களுக்கென்றே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடச் சந்திப்புக்காக நிறுவனமே இடம் மாறிக் கட்டடம் எழுப்ப வேண்டி வந்தது.

அப்படி அந்த இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது? பெரிய ஆள் ஒருவர் பிள்ளையின் உயரத்துக்குக் குனிகிறார். வேறு யாரையும் பார்க்காமல் அந்தப் பிள்ளையை மட்டும் பார்க்கிறார். கட்டி அணைக்கிறார். கொரோனாக் காலத்தில் அந்த அணைப்பு நின்றுபோனது. தள்ளி நின்றுதான் கையசைக்கலாம். 2022 ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடித் திரியும் எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இப்படி முழுமையான இரண்டு நிமிடம் கிடைக்கிறதா என்று நாங்கள் யோசிக்க வேண்டும். ஆகவே அம்மா, அது எலிதான். ஆனால் பிள்ளை நிற்பது எலிக்காக அல்ல.

இனி நிற்கும் பெரியவர்களின் பக்கத்துக்கு வருவோம்.

எங்கள் தலைமுறைக்கு வரிசை புதிதல்ல. எழுபதுகளில் பாணுக்கு விடியற்காலையில் நின்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய்க்கு நின்றோம், சவர்க்காரத்துக்கு நின்றோம், பயண அனுமதிக்கு நின்றோம். சங்கக்கடை வாசலில் நாலு பேரைக் கண்டால் முதலில் ஓடிப்போய் ஐந்தாவதாக நின்றுகொண்டு, பிறகுதான் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்போம். அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. பூங்காவுக்குள் நீண்ட வரிசையைக் கண்டதும், "ஏதோ நல்லது இருக்கு, நில்லுங்கோ" என்று பிள்ளைகளை இழுத்து நிறுத்துகிற தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். யாருடைய வரிசை என்று பிள்ளைக்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது.

ஊரில் நின்ற வரிசையை நாங்கள் தெரிவு செய்யவில்லை. நிற்காவிட்டால் அடுப்பு எரியாது. இந்த வரிசையை நாங்கள் தெரிவு செய்கிறோம். வேண்டாம் என்று விலகலாம், ஒரு நட்டமும் இல்லை. தெரிவு செய்கிற எதற்கும் முதலில் விலை கேட்க வேண்டும்.

விலையைப் பார்ப்போம். ஒரு நாள் நுழைவுச் சீட்டு ஆளுக்கு 150 அமெரிக்க டொலர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 600. பன்னிரண்டு மணித்தியாலம் உள்ளே நின்றால் மணிக்கு 50 டொலர். இரண்டு மணித்தியால வரிசை 100 டொலர். இது பற்றுச்சீட்டில் வராத செலவு. எல்சாவைக் கண்டே ஆக வேண்டும் என்று ஆறு மாதமாகக் கனவு காணும் பிள்ளைக்கு அந்த 100 டொலர் நியாயமான செலவுதான். படத்துக்காக மட்டும் என்றால் மிக அதிகம். அந்தப் பயணத்துக்கே கடனட்டையில் 3000 டொலர் போட்டு ஒரு வருடம் கட்டாமல் இழுத்தால், 20 வீதத்தில் வட்டி மட்டும் 600 டொலர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வரிசையைக் குறுக்க வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். முன்பு இருந்தது. 1999 இல் "ஃபாஸ்ட்பாஸ்" என்ற சீட்டு முறை வந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். தனிக் கட்டணம் கிடையாது. 2021 இல் அது கைவிடப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் பணம் கட்டும் முறை வந்தது. இப்போது மேலதிகமாகக் கட்டியவர் மின்னல் பாதையில் போவார், கட்டாதவர் பார்த்துக்கொண்டு நிற்பார். சில பாத்திரங்களைச் சந்திப்பதற்கும் இதே முறைதான். பின்கதவால் போகிறவர்களை நாங்கள் ஊரிலும் கண்டிருக்கிறோம். இங்கே கதவிலேயே விலையை எழுதி வைத்திருக்கிறார்கள். "அவையள் ஏன் அப்பா முன்னுக்குப் போகினம்?" என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். "அவர்கள் காசு கட்டியிருக்கிறார்கள், நாங்கள் நேரத்தைக் கட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு விளங்கும்.

பணத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வழியும் உண்டு. ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக வரிசையில் நிற்க முடியாத பிள்ளைகளுக்கு 2013 ஒக்டோபர் முதல் தனி ஏற்பாடு இருக்கிறது. வரிசைக்கு வெளியே இருந்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வரலாம். 2024 இல் விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். ஆகவே போவதற்கு முன்பே காணொளி அழைப்பில் பதிந்துகொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் சிலர் பிள்ளையின் நிலையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளை கத்தக் கத்த வரிசையில் நிற்பாட்டுகிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அது உங்கள் பிள்ளைக்கென்று வைத்திருக்கும் வசதி.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985 இல் காத்திருப்பின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளம். காரணம் சொல்லப்படாததும் அநியாயமானதும் அப்படித்தான் நீளமாகத் தெரியும். தனியே நிற்பதைவிடக் கூட்டமாக நிற்பது சுருக்கம். இதை வாசித்தபோது எனக்கு டிஸ்னி ஞாபகம் வரவில்லை. அகதி வழக்கின் முடிவுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த காலம்தான் ஞாபகம் வந்தது. எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அறையில் தனிமை. அந்தக் காத்திருப்பைத் தெரிந்த நாங்கள், எங்கள் பிள்ளைகளைக் காரணம் சொல்லாமல் காத்திருக்க வைக்கலாமா?

ஆகவே என் ஆலோசனைகள் சில.

போகுமுன் வீட்டில் இருந்து பேசுங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், நாளுக்கு ஒரு நீண்ட வரிசை என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். பூங்காவின் கைத்தொலைபேசிச் செயலியில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்து, "ஒரு மணித்தியாலம் இருக்கு, நிற்போமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அந்த முடிவை மதியுங்கள்.

கதவு திறந்தவுடனும் ஊர்வலம் நடக்கும்போதும் வரிசைகள் குறைவாக இருக்கும். அதிகம் பெயர் பெறாத பாத்திரங்களிடம் சில வேளை ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். வரிசையில் சேருமுன் எத்தனை மணிக்கு முடிப்பார்கள் என்று உதவியாளரைக் கேளுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிஸ்னியில் நுழைவுச் சீட்டு வேண்டாம். ஆனால் அந்த வயதில் பெரிய தலையைக் கண்டு வீரிட்டு அழும் பிள்ளைகளே அதிகம். படத்துக்காகக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வரிசையில் நிற்கும்போது கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதை சொல்லுங்கள். ஊரில் நின்ற வரிசைகளின் கதையையும் சொல்லலாம். ஆனால் "நாங்கள் பாணுக்கு நிண்டனாங்கள், நீ எலிக்கு நிக்கிறாய்" என்ற தொனியில் வேண்டாம். எங்கள் பசிக்குப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. உங்கள் முறை வருமுன் பாத்திரம் இளைப்பாறப் போய்விட்டால் உதவியாளரோடு சண்டை பிடிக்காதீர்கள். வேடத்துக்குள் இருப்பதும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் பிள்ளைதான். 2024 மே மாதத்தில் கலிபோர்னியா டிஸ்னிலாந்தின் வேடப் பாத்திரங்களும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1700 பேரைக் கொண்ட பிரிவு, தொழிற்சங்கத்தில் சேரப் பெரும்பான்மையாக வாக்களித்தது. இந்த நாட்டுக்கு வந்து தொழிற்சாலைச் சூட்டிலும் உணவகக் குசினியிலும் நின்ற எங்களுக்கு அவர்களின் வியர்வையை விளக்கத் தேவையில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக் கணக்கைப் பற்றிக் கதைப்போம். வரிக் கணக்குக் கொடுக்க ஏப்ரல் 30 கடைசி நாள். அந்த வரிசையையும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.