வீட்டிலிருந்தே பயண ஏஜென்ட் ஆகலாம்
(அம்பத்தூரில் நடந்த குழுக் கூட்டத்தில் பேசியது)



"மேடம், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கு. ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்து சம்பாதிக்கலாமா?" என்று ஆவடி அக்கா ஒருத்தர் கேட்டாங்க. சம்பாதிக்கலாம். ஆனால் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் தெரிஞ்சவங்களுக்குச் சும்மா எடுத்துத் தரலாமே தவிர, கமிஷன் வாங்கி விற்கக் கூடாது. 1989 ரயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி 3 வருடம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். முறையாக ஏஜென்டாகப் பதிவு செய்த பிறகு தொடங்குங்க.

பதிவுக்குப் பணம் சேரும்வரை, ஆடி வெள்ளிக்கு திருவேற்காடு, மாங்காடு கோயில்களுக்கு வேன் பேசிக் கூட்டிப் போகலாம். மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்க. முன்பணத்துக்கு ரசீது கொடுங்க. வரவு செலவை அன்றைக்கே நோட்டில் எழுதுங்க. பணம் தர்றவங்க நம்ம தெருக்காரங்க. அவங்க நம்பிக்கைதான் நமக்கு முதலீடு.